காலியாக விட்ட அலை

மெமோ ஸ்டெல்லாவின் பெயருக்கு வந்திருந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து ஒரு வள்ளக்காரர் எங்கள் அரசு மீனவர் உதவி மையத்துக்கு ஃபோன் செய்து கடல் நிலவரம் கேட்டிருக்கிறார். எச்சரிக்கை எதுவும் இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்று எச்சரிக்கை இருந்தது. துறைமுக வாயிலிலேயே யாரோ தடுத்து வள்ளத்தைத் திருப்பிவிட்டதால் புகாரோடு போயிற்று. தக்க விளக்கம் தராவிட்டால் அவளைத் தபால் பிரிவுக்கு மாற்றுவதாக உத்தேசம்.

ஸ்டெல்லா தமிழ் எல்லையோரப் பாறசாலைக்காரி. கண் தெரியாது. திரையில் இருப்பதை ஸ்க்ரீன் ரீடர் காதில் வாசிக்கும். அதைக் கேட்டு அவள் ஃபோனில் சொல்வாள். தபால் பிரிவில் காகிதத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. பார்வையில்லாதவரைக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பது நிர்வாகக் கருணையின் ஒரு வகை. அதுதான் அவளுக்குப் பயம்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“நான் தப்பாட்டு ஒண்ணும் சொல்லல்லெ சார். அது வாசிச்சதெத்தான் சொன்னேன்.”

“என்ன வாசிச்சுது?”

“காத்து பலம், அலை சாதாரணம், நீரோட்டம் உண்டு. எச்சரிக்கைக்கு ஒண்ணும் வரல்லெ.”

“நீரோட்டம் உண்டுன்னா? கடல்ல அது இல்லாம பின்னே என்ன இருக்கும்?”

“எனக்கும் தோணிச்சு சார். சர்க்கார் எழுதினதாச்சே, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அரசு நடையைப் பற்றி இதைவிட நியாயமான மதிப்பீட்டை நான் கேட்டதில்லை. பக்கத்தின் HTML நிரலைத் திறந்து பார்த்தேன்.

நாலே வரி: காற்று, அலை, நீரோட்டம், எச்சரிக்கை. (பக்கம் மலையாளத்தில் இருந்தது, இங்கே தமிழில் எழுதுகிறேன்.) நாலு பெயர்களும் div என்கிற ஒரு பெட்டிக்குள். நாலு பதில்களும் இன்னொரு div-க்குள். இரண்டையும், தோற்றத்தைக் கவனிக்கும் CSS பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. கண்ணுக்குப் பொருத்தம் பிரமாதம். காதுக்கோ முதலில் நாலு பெயர், பிறகு நாலு பதில். ஸ்டெல்லா மனதுக்குள் எண்ணி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். அன்று அலையின் பதிலை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். ஸ்க்ரீன் ரீடர் காலியிடத்தைத் தாண்டிப் போனது. நீரோட்டத்தின் ‘சாதாரணம்’ அலைக்கு வந்தது. எச்சரிக்கையின் ‘உண்டு’ நீரோட்டத்துக்குப் போனது.

ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்கள்? விசாரித்தேன். பெயர்கள் மொழிக் குழு அங்கீகரித்த சொற்கள். யாரும் கைவைக்கக் கூடாது. பதில்கள் தினமும் கிளார்க் மாற்றுபவை. ஆகவே அங்கீகாரம் பெற்றது ஒரு பெட்டி, பெறாதது ஒரு பெட்டி. கோப்பை அடுக்குகிற மாதிரியே பக்கத்தையும் அடுக்கியிருந்தார்கள்.

எந்த tag-இல் மாற்றி எழுதுவது என்று எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. மூன்று விதமாக எழுதி ஸ்டெல்லாவைக் கேட்கச் சொன்னேன். முதலில் table, அதாவது கட்டம் போட்ட அட்டவணை.

“நெடுக ரோ ஒண்ணு, காலம் ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருக்கு சார். வள்ளக்காரன் அதுவரெ ஃபோன்லெ நிப்பானா?”

அடுத்து ul என்கிற சாதாரணப் பட்டியல், அதன் ஒவ்வொரு li-யிலும் ஒரு வரி. “இது கொள்ளாம். ஆனா பேரும் பதிலும் ஒரே மூச்சில போகுது.”

கடைசியில் ஜோடி ஜோடியாக அடுக்கும் dl: பெயருக்கு dt, அதை ஒட்டியே பதிலுக்கு dd. கேட்டாள். திரும்பவும் கேட்டாள். “இது ஆள் நேர்ல நின்னு சொல்ற மாதிரி இருக்கு.”

அவள் வைத்திருந்த ஸ்க்ரீன் ரீடரில் அப்படி. வேறொன்றில் வேறு மாதிரி வாசிக்கலாம். கேட்டுப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. எல்லாத் துறைமுகங்களையும் ஒப்பிடும் பக்கத்துக்கு table-தான் சரி என்று அதை அங்கே வைத்தேன்.

மெமோவில் கையெழுத்திட்டவர் செக்‌ஷன் ஆபீசர் பிரகாஷ். அவரை என் மேஜைக்கு அழைத்துவந்து விஷயத்தைச் சொன்னேன்.

“சாமி, நாலு வரிக்கு இத்தனை ரிசர்ச்சா? பேஜ் சரியாத்தானே இருக்கு, நான் தினமும் பார்க்கிறேனே.”

“பார்க்க வேண்டாம் சார். நடவடிக்கைக்கு முந்தி நேரில் கேட்டறிதல்னு விதியில ஒண்ணு இருக்கு. கேளுங்க.”

மானிட்டரை அணைத்து, வள்ளக்காரர் கேட்ட நாளின் பழைய பக்கத்தை ஹெட்ஃபோனில் ஓடவிட்டேன். விரல் மடக்கி எண்ணினார். மறுபடி ஓடவிடச் சொன்னார்.

“எச்சரிக்கைக்கு ஒண்ணும் இல்லல்லோ.”

மானிட்டரைப் போட்டேன். கடைசி வரியில் ‘உண்டு’ என்று இருந்தது. ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றினார்.

“அப்போ அலையைக் காலியா விட்டது ஆரு?”

“டேட்டா என்ட்ரி உங்க செக்‌ஷன்தான் சார்.”

ஸ்டெல்லாவின் விளக்கம் திருப்திகரம் என்று அன்று மதியமே கோப்பு மூடப்பட்டது. அப்படியொரு வேகத்தை என் பணிக்காலத்தில் வேறு எதிலும் கண்டதில்லை.

மொழிக் குழு அங்கீகரித்தது சொற்களைத்தான். அவை எந்த tag-க்குள் இருக்கவேண்டும் என்று உத்தரவு எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் dl-ஐ நுழைத்தேன். dd காலியாக இருந்தால் ‘தகவல் வரவில்லை’ என்று தானாக எழுதும்படியும் செய்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதில் இரண்டு சங்கதி உண்டு. பெயரையும் பதிலையும் பக்கத்தில் வைத்தால் போதாது, சேர்த்துக் கட்ட வேண்டும். தெரியாததையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதன்பின் ஒருநாள் உதவி மையத்தைக் கடந்து போனேன். ஸ்டெல்லா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அலை தகவல் வரல்லெ, அண்ணே. ஆமா, சர்க்காருக்குத் தெரியல்லெ. தெரியல்லேன்னு எழுதியிருக்கு. வரட்டும், பிறகு இறக்கலாம் வள்ளத்தெ.”