குரங்கு பாவம் பார்க்காது

போன ஞாயிறு போளூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், தன் மகள் கையிலிருந்த வீடியோ கேமைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூளையத் தின்னுடும் இது. டீச்சர், நீங்களே சொல்லுங்க!"

நான் பாயசத்தில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன். போன தீபாவளிக்கு முன்னால் கேட்டிருந்தால், "ஆமாங்க, ஆமாங்க" என்று நானும் சேர்ந்து தலையாட்டியிருப்பேன். அதற்கப்புறம் ஜவ்வாது மலையில் ஒரு ஜீப் டிரைவரின் இடது கையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டேனே... என்ன செய்ய?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குப் புதூர்நாட்டில் பள்ளிக்கூட வேலை, திருப்பத்தூரில் வீடு. திங்கட்கிழமை மலையேறி வெள்ளிக்கிழமை இறங்குவேன். ஏற்றி இறக்குகிறவர் கோவிந்தன். மலையிலேயே பிறந்து, மலை ரோட்டிலேயே ஸ்டியரிங் பிடித்தவர்.

தீபாவளி முடிந்த கையோடு, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றும்போது ஜாக்கி நழுவியது. இடது கை அடியில் சிக்கிக்கொண்டது. வேலூரில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; விரல்கள் மட்டும் மரக்கட்டை மாதிரி நின்றன. மடக்கி நீட்டிப் பழகச் சொல்லி, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

இடது கைதானே என்கிறீர்களா? கியர் போடுவது எந்தக் கையால்?

ஜீப் ஓனர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் வண்டி ஓடியாக வேண்டும். புளி சீசன் வரை பார்ப்பேன், அதற்குள் கை வராவிட்டால் தற்காலிகமாக வந்த ஆளையே வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து மலையேறிய அன்று கோவிந்தனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பந்து மேலே பரணில் இருந்தது. அவர் மனைவி அலமேலு கொல்லையில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நானும் எல்லோரையும்போல ஆரம்பித்தேன். "அய்யோ பாவம், கோவிந்தன்..."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பார்த்து, என் கைப்பையிலிருந்து கீச்... கீச்... கீச்...

"இன்னா டீச்சர், பையில குருவி கீதா?"

குருவி இல்லை. சிங்கப்பூரிலிருந்து என் தம்பி கொண்டு வந்த கேம். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்; அலாரம் வேறு உண்டு. வீட்டில் விட்டு வந்தால் என் மகள்கள் இருவரும் பரீட்சையை மறந்துவிடுவார்கள் என்று பைக்குள் போட்டு மலைக்கே கொண்டு வந்திருந்தேன்.

டிரைவர் ஆயிற்றே என்று முதலில் கார் ரேஸைக் கொடுத்தேன். தொடையில் வைத்து வலது கையாலேயே சமாளித்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா ரோடு இது? வளைவே இல்ல, ஏத்தமும் இல்ல. எதிர்ல வர்றவன் ஒருத்தனும் ஆரன் அடிக்க மாட்டேங்கறான். இவனுக்குலாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

நியாயமான விமர்சனம். வேகம் நன்றாக இருக்கும், நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நிஜத்தைக் காப்பியடிக்கிற கேம், நிஜத்தைத் தெரிந்தவரிடம் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான்!

இரண்டாவது, ஆகாயக் கப்பல்களைச் சுடுவது. மூன்றில் விலை கூடியது இதுதான் என்று தம்பி பெருமையாகச் சொல்லியிருந்தான். சத்தம் பிரமாதம். ஆனால் ஒரே பட்டன். வலது கட்டை விரல் போதும். இடது கை மடியில் சும்மாவே கிடந்தது.

"ஒண்ணச் சுட்டா இன்னொண்ணு வருது. அதயும் சுட்டா அடுத்தது வருது. எதுக்கு வர்றானுங்கன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறானே!"

மூன்றாவதைக் கொடுக்க எனக்கே கூச்சம். பார்க்க அவ்வளவு சுமார். மரத்து மேல் ஒரு குரங்கு மாங்காய்களைப் போட்டுக்கொண்டே இருக்கும். கீழே கூடையோடு ஒரு குச்சி மனிதன். இடது பட்டனை அழுத்தினால் இடப்பக்கம் நகர்வான், வலது பட்டனை அழுத்தினால் வலப்பக்கம். தொடையில் வைத்து ஆட முடியாது. இரண்டு கையாலும் பிடித்தே ஆக வேண்டும்.

வலது பக்கம் விழுந்ததையெல்லாம் பிடித்தார். இடது பக்கம் விழுந்தவை அத்தனையும் தரையில் சிதறின. விரல் அசைவதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

"இது நமக்கு ஆவாது டீச்சர்." கட்டில் மேல் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே வந்த அலமேலு அதைக் கையில் எடுத்தார். எப்படி ஆடுவது என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அப்புறம்... தட், தட், தட். ஒரு மாங்காயும் தப்பவில்லை!

"இந்தா, உன்னியவிட நான்தான் மேல!" என்று புருஷனிடம் காட்டிச் சிரித்தார்.

கோவிந்தன் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தார்.

"இத்த ஒரு வாரம் வெச்சிக்கட்டுமா டீச்சர்?" அலமேலுதான் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது வீட்டில் சண்டை. "தண்ணி எடுக்கணும்னா காது கேக்கல, சோறு ஆறிப்போனாலும் தெரியல. எந்த நேரமும் கொரங்கு, கொரங்கு!" என்று அலமேலு கத்திக்கொண்டிருந்தார். இந்த விளையாட்டுகளின் பெரிய குறையே இதுதான், போதும் என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது.

கோவிந்தன் நிமிரவில்லை. இடது கட்டை விரல் பட்டன் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தைத் தாங்கியிருந்த மற்ற விரல்கள் கொஞ்சம் வளைந்திருந்தன. வலியில் கண்ணோரம் ஈரம்.

"வலிக்குதா கோவிந்தன்? பந்தை அழுத்தினாலும் இதே வலிதானே?"

"பந்தப் புடிச்சா வலி மட்டும்தான் டீச்சர் தெரியுது. இதுல மாங்கா வுழுறதும் தெரியுதே!" அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிக்கொண்டே சொன்னார். "வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் அய்யோ பாவங்கறாங்க. இந்தக் கொரங்கு ஒரு தபாகூட சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. சொன்னவர்களில் நானும் ஒருத்தி அல்லவா?

யோசித்துப் பாருங்கள். நாம் இரக்கப்படுகிறோம், நல்ல மனசோடுதான் படுகிறோம். ஆனால் நம் இரக்கத்தில் 'இனி உன்னால் முடியாது' என்ற தீர்ப்பும் சேர்ந்தே போய்விடுகிறதே... அந்தக் குரங்குக்கு அவர் கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு எப்படிப் போட்டதோ, அப்படியேதான் அவருக்கும் போட்டது.

நடுவில் பேட்டரி தீர்ந்துபோனது. மலையில் எங்கே போய்த் தேட? திருப்பத்தூரில் ஒரு கடிகாரக் கடையில் கிடைத்தது. பேட்டரி வருகிற வரை பரணிலிருந்த பந்து கீழே இறங்கியது என்று அலமேலு சொன்னபோது நம்ப முடியவில்லை.

மாசியில் புளி உலுக்க ஆரம்பித்தார்கள். சொன்னபடி ஓனர் வந்தார். ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து, "எட்றா வண்டிய" என்றார். பின்னால் புளி மூட்டைகளுக்கு நடுவில் நானும் அலமேலுவும்.

சுண்டு விரலும் அதற்கடுத்ததும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. உள்ளங்கையால் தள்ளித்தான் கியர் மாற்றினார். முதல் இறக்கத்தில் கியர் கரகரவென்று கத்தியது. ஓனர் திரும்பிப் பார்த்தார். கோவிந்தன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த இறக்கத்தில் சத்தமே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

பாதி மலை இறங்கியதும் ஓனர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலம்பற ஒரு லோடு கீது. நேரத்தோட வந்துடு."

அவ்வளவுதான். கோவிந்தனின் தோள் லேசாகக் குலுங்கியது. ஜீப்பின் ஆட்டமா, வேறா... எனக்குத் தெரியவில்லை.

நான் அலமேலுவின் காதோடு கேட்டேன். "கடைசி வரைக்கும் நீங்கதான் அதிக பாயின்ட் எடுத்தீங்களாமே. பாவம், ஒரு தடவையாவது விட்டுக் கொடுத்திருக்கலாமே?"

"விட்டுக் குடுத்திருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பாரு டீச்சர்."

ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன் — அலமேலு பிடிக்கவில்லை.