ஓடை மூலையில் மாட்டாத வண்டி

எங்கள் ஆத்தூரில் வாடகைக்கு டிராக்டர் உழவு ஓட்டும் குருசாமி அண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வயலில் இறங்கியதுமே, "ஏலே அன்புமணி, கண்ணக் கட்டிக்கிட்டா வரப்பு வெட்டுன?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுவார். கோபித்துக்கொள்ள மனசு வராது. மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் திருப்பூரில் குடியேறிய பிறகு, வீட்டில் அவருக்குத் திட்டக்கூட ஆள் கிடையாது.

அவருக்கு இருந்த ஒரே கூட்டாளி கிதர் முகம்மது. ஊரில் இருந்த இன்னொரு டிராக்டர் அவருடையது. இரண்டுமே பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதா வண்டிகள். நெல் வயலில் சேற்று உழவின்போது பின்சக்கரம் புதைந்துவிட்டால், அங்கேயே சுற்றுமே தவிர நகராது. என் வயலின் ஓடை மூலை படுமோசமான உளைச்சேறு. அங்கே வண்டி மாட்டாத வருஷமே இல்லை.

ஒருவர் மாட்டினால் மற்றவர் சங்கிலியோடு வந்து இழுத்துவிடுவார். கூலி கிடையாது. மாட்டியவர் டீ வாங்கித் தரவேண்டும். வந்தவர் அதைக் குடித்துக்கொண்டே அவரைக் கிழிகிழியென்று கிழிப்பார். "லைசன்ஸ எந்தச் சந்தையில வாங்குன, மாப்ளே?" என்று ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. உழவு கெட்டுப்போகிறதே என்று வரப்பில் நின்று பல்லைக் கடிப்பவன் நான்தான்.

போன வருஷம் கிதர் அண்ணன் வண்டியை விற்றுவிட்டு, ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். கொஞ்ச நாளில் குருசாமி அண்ணனின் வண்டியும் படுத்துக்கொண்டது. புதுசு பார்க்க என்னையும் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடையில் சாதா வண்டியும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியும் பக்கம் பக்கமாக நின்றன. "நம்ம பக்கம் பாதி செம்மண் காடு. சாதா வண்டியே போதும். வரப்போரம் சட்டுனு திரும்பும், பெருசா செலவும் வைக்காது" என்றார் அண்ணன். நியாயமான பேச்சுதான்.

"நாலு சக்கரமும் இழுக்குறத எடுத்தீங்கன்னா சேத்துல மாட்டாதுங்க ஐயா. யாரையும் கூப்பிட வேண்டியதில்ல" என்றார் விற்பனையாளர்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "கூப்பிட யாரு இருக்கா?" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. டிராக்டர் இல்லாதவன் மனுஷக் கணக்கில் சேர்த்தி இல்லை போல. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியையே எடுத்தார்.

இந்தப் போகத்துக்கு முதல் உழவு என் வயலில். வண்டி ஓடை மூலைக்குள் இறங்கியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்வின. ஒரு உறுமல், அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டது. நான் ஒரு கிறுக்கன், கையைத் தட்டினேன். "அடேங்கப்பா! இம்புட்டு வருஷப் பாடும் தீந்துச்சுண்ணே!"

அவர் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பி அதே மூலைக்குள் மறுபடியும் விட்டு, நட்ட நடுவில் நிறுத்தினார். போனை எடுத்தார். இன்ஜின் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமானவர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"மாப்ளே, மாட்டிக்கிட்டேன்."

பச்சைப் பொய். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி வந்துவிடும்.

"எங்கலே?"

"அன்புமணி வயல்ல. ஓடை மூலை."

"அதான பாத்தேன்! அங்க ஏன்லே போயி விட்ட? செத்த நேரம் இரு, சங்கிலிய எடுத்துக்கிட்டு வாரேன்."

அப்போதுதான் போனில், அவர் இருக்கும் ஓசூர் வீட்டில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. "மாப்ளே..." என்ற கிதர் அண்ணனின் குரல் கம்மியது. போன் நின்றுவிட்டது.

"வண்டிய எடுங்கண்ணே, டீ குடிக்கப் போவோம்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஊருக்குள்ளிருந்து வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருலே. வாரேன்னு சொல்லிருக்கான்ல."