ஒரே குண்டான்

மகளுக்காக இன்று கேழ்வரகு மாவு வறுத்தபோது எழுந்த வாசனை, சாலையை அகலப்படுத்த இடித்துப்போட்ட கடத்தூர் பால்வாடிக்கு என்னை இழுத்துப் போனது. வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு பிடி மாவை வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் ஒரே குண்டானில் கொட்டுவோம். டீச்சர் வெல்லம் போட்டுக் கஞ்சி கிண்டுவார். கரண்டி அடியில் உரசும் சத்தத்தோடு அதே கேள்வியும் வரும்.

“இதுல நசீமா வூட்டு மாவு எது, ஸ்டெல்லா வூட்டு மாவு எது, பிரிங்க பாக்கலாம்?”

“முடியாதுங்க டீச்சர்!” என்று கத்துவோம்.

“நீங்களும் அப்படித்தான் கண்ணுங்களா.”

சாமியை நம்புவதுபோல அதை நம்பினேன்.

ஒருநாள் மறந்துவைத்த டம்ளரை எடுக்க நானும் நசீமாவும் கைகோத்துத் திரும்பிப் போனோம். பள்ளிவிட்டு வந்திருந்த டீச்சரின் மகள் மிச்சக் கஞ்சிக்குக் கை நீட்டினாள். டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“இது வேணாம் கண்ணு, கண்டவங்க வூட்டு மாவும் கலந்திருக்குது. நம்ம வூட்டுல போயி சாப்புடலாம்.”

வாசலில் நசீமா என் கையை விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் காகிதத்தைப் பிரித்துக் குண்டானுக்கு மேல் உதறினாள். அதில் மாவே இல்லை. கிண்டிக்கொண்டிருந்த டீச்சர் சிரித்தபடி கேட்டார்: “நசீமா வூட்டு மாவு எது, பிரிங்க பாக்கலாம்?”