வல்லைவெளியில் ஒரு பின் ரயர்

பாண் விற்பவனுக்கும் சைக்கிள் ஓட்டப் போட்டிக்காரனுக்கும் எதிரி ஒன்றுதான்: காற்று. நான் இரண்டு வேலையையும் ஒரே சைக்கிளில் பார்த்தவன். விடியப்புறம் நெல்லியடிப் பேக்கரியில் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால், உரும்பிராய்க் கடைகளுக்குப் போய்ச் சேரும்வரை மிதிதான். நடுவழியில் கிடக்கும் வெட்டவெளிதான் வல்லைவெளி. அங்கே எதிர்க்காற்றுக்கு மிதித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. அவர்களுக்கு இப்போதே முழங்கால் நோகும்.

கரன்ற் இல்லாத போஸ்ற்

எங்கள் கழகப் பயிற்சியாளர் செல்வம் அண்ணை, சங்கக் கடையில் எழுதுவினைஞர். வல்லைவெளி லைற் போஸ்ற்றுகளில் கரன்ற் நின்று வருசக்கணக்கு. அவருக்கு அவை வேறு விதத்தில் உதவின. ஒரு போஸ்ற்றிலிருந்து அடுத்ததுவரை உயிரைக் கொடுத்து மிதிக்கவேண்டும். அதற்குப் பெயர் 'எறிதல்'. அதற்கடுத்த போஸ்ற்வரை மெல்ல மிதித்து மூச்சு வாங்கலாம், அது 'ஆறுதல்'. இப்படி இருபது தடவை. அதையும் பாண் பெட்டியோடு செய்யச் சொன்னார், பாரத்தோடு எறிந்து பழகினால் போட்டியில் சைக்கிள் பறக்கும் என்று. முதல் நாள் பெட்டியைத் திறந்த உரும்பிராய்க் கடைக்கார மணியம், நசிந்த பாண் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"பாணை விக்கக் கொண்டுவந்தனியோ, ஓட்டத்துக்கு விட்டனியோ?"

அட்டை

முன்னால் போகிறவனைக் காற்றோடு மல்லுக்கட்ட விட்டு, அவன் பின்சில்லோடு ஒட்டிச் சுகமாக வருகிறவனுக்கு எங்கள் பாஷையில் 'அட்டை' என்று பெயர். என்னுடைய அட்டை கமலா ரீச்சர். வீடு நெல்லியடியில், படிப்பிப்பு உரும்பிராயில். நாள் தவறாமல் வெளி தொடங்கும் இடத்தில் எனக்காகக் காத்து நிற்பார். எரிச்சலில் ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்லியே விட்டேன். அவர் கோபிக்கவுமில்லை, விலகவுமில்லை.

ஒரு காலை எட்டாவது போஸ்ற்றில், குண்டு போட வரும் பொம்மரின் இரைச்சல் கேட்டது. வல்லைவெளியில் மறைய ஒரு பற்றைகூட இல்லை. அந்தக் கரைப் பனைகளுக்குள் போய்விடவேண்டும், வேறு வழியில்லை. ஆறுதல் இல்லாமல் எறிந்தேன். பொம்மர் பதிந்து எழும்ப, நாங்கள் சற்றுமுன் கடந்துவந்த இடத்தில், றோட்டில், குண்டு விழுந்தது. பயத்தில் அழுதேன் என்றே நினைக்கிறேன். பனையடியில் விழுந்தபோது எனக்கு 'விளக்கு நூர்ந்துவிட்டது'. பலமெல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்து கண் இருட்டுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரீச்சர் என் பின்சில்லை விட்டு ஒரு முழம்கூடப் பிந்தவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"பொம்மரை விட உம்மடை மூச்சுத்தான் தம்பி எனக்குப் பயமாக் கிடந்தது."

காற்றடிக்கும்போது

போட்டியின் முதற்பரிசு இரண்டு புது ரயர். யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் ரயர் வரத்து நின்ற காலம்; அதன் அருமை உங்களுக்குத் தெரியும். நான் செய்த மடைத்தனம் இதுதான்: புது ரயர் வெல்ல எறிந்து எறிந்தே, இருந்த பின் ரயரையும் தேய்த்துவிட்டேன். நூல் தெரிந்தது. உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்துச் சமாளித்தேன். போட்டியன்று காலை, நெல்லியடிச் சந்தியில், காற்றடிக்கும்போதே வெடித்தது. செல்வம் அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓட்டம் பார்க்க வந்திருந்த கமலா ரீச்சர் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்.

"கழட்டும். திங்கக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு எண்டதை மட்டும் மறந்துபோகாதையும்."

கல்லும் மணலும்

உரும்பிராய் போய்த் திரும்பும் ஓட்டம். திரும்பி வல்லைவெளிக்கு வரும்போது முன்னுக்கு மிஞ்சியது நானும் வல்வெட்டித்துறைக்காரன் ஒருவனும்தான். என் கவனம் அவனில் இல்லை, ரீச்சரின் ரயர் ஓடிய பின்சில்லில் இருந்தது. அன்று குண்டு விழுந்த குழியை உடைகல் போட்டு நிரப்பியிருந்தார்கள். அவன் அதன் மேலாலேயே எறிந்தான். என் காலிலும் பலம் இருந்தது. இருந்தும் பிறேக் பிடித்து, றோட்டுக்கரை மணலால் சுற்றினேன். ஒரு போஸ்ற் தூரம் பிந்தினேன். முடிவுவரை அதைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் பரிசு ஒரு ரோச் லைற். பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது.

அன்றே ரீச்சரின் ரயரைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தேன். பேக்கரி முதலாளி தேடித் தந்த பழைய ரயரோடு திங்கட்கிழமை பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால், வெளி தொடங்கும் இடத்தில் ரீச்சர் நின்றார்.

"கல்லாலை விட்டிருந்தால் வெண்டிருப்பீர் எண்டு சனம் கதைக்குது. இண்டைக்கு நான் முன்னுக்குப் போறன், நீர் அட்டையா வாரும்."

இரண்டு வருசம் நெஞ்சு வெடிக்க எறிந்து நான் கண்ட பலன், பற்றரி இல்லாத ஒரு ரோச் லைற்றும் எதிர்க்காற்றுப் படாமல் வல்லைவெளியைக் கடந்த ஒரே ஒரு காலையும்தான்.