டிரைவருக்குப் பக்கத்து சீட்

கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸைத் தேடி, சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் அலைந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. விசிட்டிங் கார்டில் ஆராய்ச்சியாளர் என்று இருந்தது. உண்மையில் என் பாதி நாள் வேன் டிரைவர்களிடம் கெஞ்சுவதில் போய்விடும். பட்டாசு கம்பெனிப் பெண்கள் எங்கும் தனியாக வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் நடத்தும் பரிசோதனை முகாமுக்கும் வேலைக்குப் போகிற அதே வேனில், அவரவர் வழக்கமான சீட்டில் உட்கார்ந்துதான் வருவார்கள். ஒருத்தி முரண்டு பிடித்தால் வேனே வராது.

முதல் முகாமில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். இந்த வைரஸ் உடலுறவில் தொற்றும். பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. கணவனைத் தவிர யாரையும் அறியாதவளுக்கும் வரலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில வாரம் கழித்து அன்றைய பரிசோதனை முடிவுகள் வந்தன. ஒரு வேனில் ஒருத்திக்கு மட்டும் வைரஸ் இருந்தது, கர்ப்பப்பை வாயில் மாற்றமும் தொடங்கியிருந்தது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும், விட்டால் உயிருக்கே ஆபத்து. அவள் கம்பெனி போர்மேனின் மனைவி, கல்யாண வயதில் இரண்டு மகள்கள். அவளை மட்டும் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் மறுபரிசோதனை என்று சொல்லி வேன் முழுவதையும் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தியையும் ஒரே அளவு நேரம் உள்ளே வைத்திருப்பதாகத் திட்டம். என்ன மூளை எனக்கு என்று மெச்சிக்கொண்டேன்.

ஆனால் வரும் வழியிலேயே அவர்கள் பேசி முடித்திருந்தார்கள். யாரோ ஒருத்திக்கு இருக்கிறது, டாக்டரம்மா மறைக்கிறாக. அந்த ஒருத்தி யார் என்பதையும் முடிவு செய்திருந்தார்கள். கணவனை விட்டு வந்து அம்மா வீட்டில் இருக்கும் ஒரு பெண் அந்த வேனில் உண்டு. வண்டி ஓடினால் குமட்டும் என்பதால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவாள். அது போதாதா? அவளுடைய பரிசோதனை முடிவிலோ ஒரு குறையும் இல்லை.

போர்மேன் மனைவியை உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். விரல் நகத்தில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியைச் சுரண்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளைய நாங்க அநியாயமாவா பேசிட்டோம்?"

சிகிச்சைக்கு மறுப்பே சொல்லவில்லை. அன்றே முடித்தோம். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து நடந்ததை டிரைவர்தான் சொன்னார். போர்மேன் மனைவி திரும்பும் வழியில் வேனிலேயே, எனக்குத்தான் இருந்தது, அவளை விட்டுவிடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒருத்தியும் நம்பவில்லையாம். அடுத்தவளைக் காப்பாற்றத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே, என்ன மனசு இந்த அக்காவுக்கு என்று புகழ்ந்தார்களாம். எனக்கு ஒன்றும் இல்லை, வைத்தியமும் பண்ணவில்லை என்று முன் சீட்டுப் பெண் சொன்னதும் இன்னும் மோசம். நோயை வைத்துக்கொண்டே மறைக்கிறாள் என்று அவள் வாய் வைத்த தண்ணீர் பாட்டிலைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வகத்தில் உண்டு, இல்லை என்ற இரண்டுதான். இங்கே நோய் இருந்தவளுக்கு இல்லையாம், இல்லாதவளுக்கு இருக்கிறதாம். நான் போய்ச் சொல்லலாம் என்றால், இவளுக்கு இல்லை என்பதே போர்மேன் மனைவிக்குத்தான் இருந்தது என்று நானே ஊருக்குச் சொன்னதாகிவிடும். அதைச் சொல்ல நான் யார்? வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரியாகப் படவில்லை. சூலக்கரையில் இருந்த எங்கள் ஆராய்ச்சி ஆபீசுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தால் பேனா நகராது.

சிகிச்சைக்குப் பின் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதால் மறுபடி அந்த வேனையே வரவழைத்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்தப் பெண் கடைசி சீட்டிலிருந்து, வாந்தி எடுத்து வெளுத்த முகத்தோடு இறங்கினாள். உள்ளே வந்ததும், உனக்கு ஒன்றும் இல்லையம்மா என்று திரும்பவும் சொன்னேன். தெரியும் என்றாள்.

"எனக்கும் அந்த வைத்தியத்தப் பண்ணிவிட்ருங்க டாக்டரம்மா. இருந்துச்சு, சரியாப்போச்சுன்னா விட்ருவாக. இல்லவே இல்லன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக."

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இல்லாத நோய்க்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? முடியாது என்று வெளியே அனுப்பவும் மனம் வரவில்லை. மேசையில் படுக்கச் சொன்னேன். கருவி எதையும் தொடவில்லை. சிகிச்சைக்கு ஆகிற நேரம் முழுக்க அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு கதவைத் திறந்து, கொஞ்ச நாளைக்குக் கனமாக எதையும் தூக்காதே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கிளம்பும்போது, ஒனக்குக் குமட்டுமே, முன்னால போயி உக்காரு என்று அவர்களே அவளைக் கைபிடித்து டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள்.

போர்மேன் மனைவி மட்டும் ஏறாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையில் யாருக்கு இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியுமே. டிரைவர் ஹாரன் அடித்தார்.