காலிப் பக்கத்தில் ஒரு பூஜ்யம்

"என்னம்மா, உங்க பெட்டி மறுபடியும் செத்துப்போச்சு! 'மெமரி பழுது'ன்னு காட்டிட்டுச் சும்மா கிடக்கு. குளத்துல பால்மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. நான் ஓடிஓடி ஏரேட்டரைப் போடறேன். நீங்க சின்சூ ஆபீஸ்ல ஏசியில உக்காந்து டீ குடிங்க!"

"வச்சிடாதீங்க பெரியப்பா, பெட்டியை அனுப்பி வைங்க" என்றாள் மெங்லிங். தைவானின் புதாய் கடற்கரையில் மீன் வளர்க்கும் யென் போனை வைத்துவிட்டார்.

குளத்து நீரில் ஆக்சிஜனை அளந்து, குறைந்தால் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓடவிடும் பெட்டி அது. அதன் மென்பொருளை எழுதியவன் வேலையை விட்டு, டைச்சுங்கில் டீக்கடை வைத்துவிட்டான். அவன் விட்டுப்போன குப்பையெல்லாம் மெங்லிங் தலையில்தான் விழுந்தது.

வந்த பெட்டியைத் திறந்து மெமரி சிப்பில் பதிவாகியிருந்ததைப் படித்தாள். பழுது ஒன்றுமில்லை. மெமரியில் அழித்துக் காலியாக்கிய பக்கத்தில் எல்லா பிட்டும் '1' ஆக இருக்கவேண்டும். இதில் ஒரே ஒரு பிட் வெயிலிலோ வயதாகியோ பூஜ்யமாகியிருந்தது. அவ்வளவுதான். மென்பொருள் அதைக் காலிப் பக்கமாக ஏற்கவில்லை. எழுதிய பக்கமாக நினைத்துப் பிழைதிருத்தப் பார்த்து, முடியாமல், மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிட்டது.

அவளைவிட இளையவனான மேனேஜர் லாய், இயந்திரங்கள் மக்கர் பண்ணாமலிருக்க அந்த ஊர் வழக்கப்படி, சோதனை மேஜை மேல் நல்ல சகுனத்துக்காகப் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தான்.

"பிழை வந்தா கண்டுக்காம எழுதச் சொல்லுங்கக்கா. சிம்பிள்."

"நிஜமாவே கெட்டுப்போன பக்கத்து மேலயும் எழுதிடும். அதுக்கும் பொட்டலம் வைப்பியா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"பூஜ்யங்களை எண்ணணும். ரெண்டு மூணுதான்னா காலி. அதுக்கு மேலன்னா எழுதின பக்கம்."

மென்பொருளை அப்படியே திருத்திப் பெட்டியைத் திருப்பி அனுப்பினாள். அதன்பின் பெட்டி நிற்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் யென் மீண்டும் கூப்பிட்டார்: ஒரு நாள் அளவுகள் குளறுபடியாகியிருந்தன. பெட்டி மறுபடி அவள் மேஜைக்கு வந்தது.

இந்தத் தடவை தப்பு அவளுடையதேதான். யென் கழுவுவதற்காக ஆக்சிஜன் உணரியைக் கழற்றி வைத்த நாளில், அளவு எதுவுமில்லாமல் ஏறக்குறைய எல்லா பிட்டும் '1' ஆகவே பதிவாகியிருந்தது. பூஜ்யம் குறைவாக இருந்ததால் அந்தப் பக்கத்தையும் காலி என்று எண்ணி, மேலேயே எழுதி, பழைய பதிவு, புதிய பதிவு இரண்டையும் நாசமாக்கியிருந்தது அவளுடைய திருத்தம்.

"எண்ணினா போதும்னீங்களே அக்கா" என்றான் லாய், நூடுல்ஸை உறிஞ்சியபடி.

"வாயை மூடிட்டுத் தின்னு."

கோபம் தீர ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். பிறகு, எழுதும் பக்கம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பூஜ்யங்கள் நிறைந்த ஓர் அடையாளம் விழும்படி செய்தாள். உள்ளே என்ன இருந்தாலும், எழுதிய பக்கம் இனிக் காலியாகத் தோன்றாது. காலிப் பக்கத்தில் ஓரிரு பிட் புரண்டாலும் ஒன்றும் கெடாது.

தபாலை நம்பாமல் தானே ரயிலேறிப் புதாய்க்குப் போய்ப் பெட்டியைக் கம்பத்தில் மாட்டினாள். புழுக்கமான மதியம். காற்றே இல்லை. ஆக்சிஜன் இறங்கியதும் ஏரேட்டர் தானாகச் சுற்றி நீரை வாரியடித்தது.

யென் கரையில் நின்று பார்த்தார். "ஓடுது" என்றார். "ஆனா ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கு பாரு."

மெங்லிங் பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஸ்க்ரூ என் வேலை இல்ல, பெரியப்பா."

"தெரியும்மா. சும்மா சொன்னேன். வா, மீன் கஞ்சி ஆறிடப் போகுது."