ஊதா நிறத்தில் ஒரு கண்டம்

போன ஐப்பசியில், சுவிஸின் பேர்ண் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் நடந்தது இது. மதியப் பாத்திரங்களைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்கிவிட்டு எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நின்றோம். எங்களோடு இரண்டு வருடமாக வேலை செய்யும் பெரு நாட்டுப் பெண்ணுக்கு அன்று பிறந்தநாள். பெரிய கண்ணாடிச் சாடி நிறைய ஊதா நிறத்தில் ஏதோ பானம் கொண்டுவந்திருந்தார். அன்னாசியும் கறுவாவும் கராம்பும் மணத்தன. கொஞ்சம் புளிப்பும் இருந்தது.

ஓசியில் கிடைப்பதை ஆராய்ந்து குடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. இரண்டு குவளை உள்ளே போன பிறகுதான் இது என்னவென்று கேட்டேன்.

சிச்சா என்றார். சோளத்தில் செய்வதாம்.

பக்கத்தில் நின்ற மன்னார் நண்பர் என் காதுக்குள் குனிந்தார். "அண்ணை, அது சோளக் கள்ளு. நான் வீடியோவில பாத்தனான். வாயில போட்டுச் சப்பித் துப்பித்தான் புளிக்க வைக்கிறவை. ஆரின்ரையோ எச்சில் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டியள்!"

எச்சில் என்னை உலுக்கவில்லை. கள்ளு என்ற சொல்தான் உலுக்கியது. நான் குடியை விட்டுப் பன்னிரண்டு வருடம். அதற்கு முன்னர் குடித்த கதையைச் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். என் மனைவி ஒருநாள் பெட்டியை அடுக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். அந்த வாசலில் வைத்துச் செய்த சத்தியம். எங்கள் வீடு அதன் மேல்தான் நிற்கிறது.

அந்தப் பெண்ணிடமே போய், கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக, இதில் வெறி இருக்கிறதா என்று கத்தினேன். அவர் சிரித்தபடி, "மோஸ்ட் மாதிரி, மோஸ்ட்!" என்றார்.

இங்கே அப்பிள் சாற்றுக்கு மோஸ்ட் என்று பெயர். பிள்ளைகள் குடிக்கும் இனிப்பு மோஸ்டும் உண்டு, ஆளை விழுத்தும் புளித்த மோஸ்டும் உண்டு. சுவிஸுக்கு வந்த புதிதில் பழச்சாறு என்று நம்பி நான் விழுந்தது இரண்டாவதில். ஆகவே என் மூளைக்குத் தெரிந்த மோஸ்ட் ஒன்றுதான்.

உடனே வெறி ஏறியது. காது சுட்டது, கால் பஞ்சானது. உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடி, தரையோடுகளின் கோட்டில் நேராக நடந்து பார்த்தேன். மூன்றாவது அடியில் அலுமாரியில் முட்டினேன். கண்ணாடியில் நாக்கை நீட்டினால் நாவற்பழ நிறம். எனக்கு ஒரு கண்டம் இருக்கிறது என்று சின்ன வயதில் சாத்திரி சொன்னார். தென்னமெரிக்கக் கண்டம் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

மனைவிக்குப் போன் எடுத்தேன். "இஞ்சேரப்பா, நான் தெரியாமல் குடிச்சிட்டன்."

 "வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப ட்ராமில ஏறி நேர வீட்டை வாங்கோ. வேற எங்கயும் போகாதேங்கோ. நான் தரிப்பில நிக்கிறன்."

கதவடியில் அந்தப் பெண் நின்றார். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார். நான் உளறியதைக் கேட்டுவிட்டு, தான் சொன்னது இனிப்பு மோஸ்டை என்றார். ஊதாச் சோளத்தை அவித்து, வடித்து, தேசிக்காய் பிழிந்தது. ஒரு மணி நேரம்கூடப் புளிக்க விடவில்லையாம். புளிக்க வைக்கும் சிச்சா வேறாம். பிறந்தநாளுக்கு அதைத்தான் செய்ய நினைத்தாராம். ஆனால் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் நான் குவளையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்புவதைக் கண்டிருந்ததால் செய்யவில்லையாம்.

நானோ அதை ஒருவருக்கும் தெரியாமல் செய்கிறேன் என்று பெருமையாக இருந்தேன். ஏறிய வெறி ஒரே நொடியில் இறங்கியது.

அந்தச் சந்தோசத்தில் வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் சொல்ல மறந்துபோனேன். தரிப்பில் இறங்கினால் மனைவி நிற்கிறார், குளிருக்குள், வீட்டுச் செருப்போடு. நான் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை முகம் மாறவில்லை.

"நாக்கை நீட்டுங்கோ," என்றார். நீட்டினேன். "சீ, கத்தரிக்காய்!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இப்போது கொண்டாட்டங்களில் நான் குழாயடிக்குப் பதுங்கிப் போவதில்லை, எனக்குக் குடி வேண்டாம் என்று மேசையடியிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தனியாகக் காத்து வந்ததாக நினைத்த சத்தியத்தை வேறு ஆட்களும் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது, அந்த வீட்டுச் செருப்பைக் காணும் போதெல்லாம் ஞாபகம் வருகிறது.